மாமா தோற்க வேண்டிய சனிக்கிழமைகள்

பத்து வயது வரை எனக்குக் காது குத்தவில்லை. விசுவமடுவில் எங்கள் வகுப்பில் அப்படி இருந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். அதற்குக் காரணம் இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய பட்டணத்து றக்பி அணி என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு வருடம் முழுவதும் நான் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்கு இருந்ததோ ஒரே ஒரு தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோது போரினால் ஊரே மூட்டை முடிச்சோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்தது; என் காதைப் பற்றி யோசிக்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. திரும்பி வந்து கூரை போட்டு முடிப்பதற்குள் மாமா வெளிநாடு போய்விட்டார். "அவன் வரட்டும். அவன்ரை மடியிலை வைச்சுத்தான் குத்துறது" என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

பாடசாலைக் கலைவிழாவில் நான் நடனமாட வேண்டியிருந்தது. ரீச்சர் வெள்ளைக் கல் வைத்த ஒட்டுப் பொட்டு இரண்டை எடுத்து என் காதுமடல்களில் ஒட்டிவிட்டார். பாதி ஆட்டத்தில் ஒன்று கழன்று விழுந்து பக்கத்தில் ஆடியவளின் குதிக்காலில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எனக்கு 'ஒற்றைக் காது' என்று பெயர். எனக்குத் தோடு வேண்டும். அந்த வயதில் வேறு இலட்சியம் எதுவும் இருந்ததாக நினைவில்லை.

மாமா இங்கே இருந்த காலத்தில் இரண்டு நெல்மூட்டைகளை ஒன்றாகத் தூக்குவாராம். அங்கே யாரோ அந்த உடம்பைப் பார்த்துவிட்டு மைதானத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அந்த நாட்டு றக்பியில் படிப்படியாகப் பல பிரிவுகள் உண்டு. மாமாவின் அணி மேலிருந்து ஏழாவது படியில் நின்றது. புரட்டாதியில் தொடங்கிச் சித்திரை வரை சனிக்கிழமை தோறும் ஆட்டம். ஞாயிறு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டு முடிய மாமா வீடியோவில் வருவார். தண்ணீர்ச் செம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அப்பாவும் அம்மாவும் நானும் சுற்றி இருந்து கேட்போம்.

முதல் சில கிழமைகள் விதிமுறைகளிலேயே கழிந்தன.

"பந்தை முன்னுக்கு எறியேலாது அத்தான். பின்னுக்குத்தான் எறியலாம்" என்றார் மாமா.

அப்பா நெடுநேரம் யோசித்தார். "அப்ப எப்பிடித் தம்பி முன்னுக்குப் போறது?"

"கட்டிப்பிடிச்சுக்கொண்டு ஓடுறதுதான்."

எட்டுப் பேர் குனிந்து தலை கோத்துக்கொண்டு எதிரே நிற்கும் எட்டுப் பேரைத் தள்ள வேண்டும். அதில் முன்வரிசையில் வலப்பக்கம் மாமா. சேற்றில் புதைந்த உழவு இயந்திரத்தைத் தள்ளுவது போன்ற வேலை என்று அப்பா விளங்கிக்கொண்டார். தோற்றாலும் ஏழு புள்ளிக்குள் தோற்றால் ஆறுதலாக ஒரு புள்ளி கொடுப்பார்கள் என்ற விதி அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. "நல்ல சனங்கள்" என்றார்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு விதிதான். "இது முடிய எப்ப வருவியள் மாமா?" என்று கேட்டேன்.

"சித்திரையிலை முடிஞ்சுபோம் மருமோள். முடிஞ்ச கையோடை வாறன்" என்றார். அம்மா உடனே குளக்கட்டுப் பிள்ளையார் கோயில் ஐயரிடம் போய்ச் சித்திரைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமையை நல்லநாளாகக் குறித்துக்கொண்டு வந்தார்.

ஆனால் இடையில் ஒரு சிக்கல் இருந்தது. முதலாவதாக வரும் அணி நேரே மேற்படிக்குப் போய்விடும். இரண்டாவதாக வரும் அணி இன்னொரு ஆட்டம் ஆடி வென்றால்தான் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். அந்த மேலதிக ஆட்டம் எங்கள் திங்கட்கிழமைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை. முதலாம் இடம் தங்களுக்கு எட்டாது என்று மாமாவே சொல்லியிருந்தார். ஆகவே மாமாவின் அணி மூன்றாம் இடத்திலோ அதற்குக் கீழேயோ நின்றால் எனக்குத் தோடு. முதல் ஐந்து ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றார்கள். நான் மகிழ்ச்சியோடு பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

அம்மாவோ சனிக்கிழமை காலைகளில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கத் தொடங்கினார். தம்பி வெல்ல வேண்டுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் வென்றால் மாமா வரமாட்டார் என்பது என்னைப் போலவே அம்மாவுக்கும் தெரியும். கேட்டால், "விளையாடப் போனால் வெல்லத்தானே வேணும்" என்பார். வேறு வழியில்லாமல் நானும் அம்மாவோடு கோயிலுக்குப் போய், அம்மா கண்ணை மூடும் நேரம் பார்த்து, அவர்கள் தோற்க வேண்டும் என்று பதினொரு தோப்புக்கரணம் போட்டேன். ஒரே வீட்டிலிருந்து ஒரே பிள்ளையாருக்கு ஒரே நாளில் இரண்டு விண்ணப்பங்கள். பிள்ளையார் தேங்காயின் பக்கம் சாய்ந்துவிட்டார். கார்த்திகையிலிருந்து மாமாவின் அணி வெல்லத் தொடங்கியது.

தையில் அங்கே நிலம் உறைந்து இரண்டு ஆட்டங்கள் தள்ளிப்போயின. நிலம் உறைவது எப்படி என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். இங்கே அறுவடை நடந்துகொண்டிருந்தது. மாசியில் நான்காம் இடம். பங்குனியில் மூன்றாம் இடம். நான் தோப்புக்கரணத்தை இருபத்தொன்றாகக் கூட்டினேன்.

கடைசி ஆட்டத்துக்கு மறுநாள் மாமா வீடியோவில் வந்தபோது ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண்ணால் சிரித்தார்.

"வெண்டிட்டம் அக்கா! ரெண்டாம் இடம்!"

அம்மா சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா, "கண்ணுக்கு மருந்து போட்டதோ தம்பி?" என்று கேட்டார்.

"அப்ப என்ரை காது?" என்றேன் நான்.

மாமா வீங்கிய கண்ணைத் தடவிக்கொண்டார். நான் எழுந்துபோய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்து அழுதேன். அன்று பின்னேரம் அம்மா உளுந்து வடை சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்ததுதான் எனக்கு ஆறவில்லை. எனக்கு வந்த வடையை நான் கோழிக்குப் போட்டேன்.

அந்தக் கிழமை செட்டிகுளத்திலிருந்து பெரியம்மா வந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். "அப்ப தம்பி வரேல்லையோ?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"எப்பிடி வாறது? அவனை விடமாட்டினம். அவன் இல்லாட்டி அந்தப் பக்கம் அப்பிடியே சரிஞ்சுபோமாம்" என்றார் அம்மா, தலை நிமிர்ந்து. பெரியம்மா குனிந்து வெற்றிலையை மடித்தார்.

மேலதிக ஆட்டத்தையும் வென்றார்கள். ஆறாவது படி. ஆனியிலேயே பயிற்சி தொடங்குமாம், ஆகவே இந்த வருடம் பயணம் சரிவராதாம். இதற்குள் லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் மாமா தன் விளையாட்டுச் சட்டையைக் கொடுத்தனுப்பியிருந்தார். பச்சைநிறம், முதுகில் மூன்றாம் இலக்கம், எங்கள் கதவுச்சீலை அளவுக்கு அகலம். அம்மா அதைக் கழுவிக் காயப்போட்டுவிட்டு, "வைகாசியிலை குத்துவம்" என்று திடீரென்று சொன்னார். ஒரு கதிரையில் அந்தச் சட்டையை விரித்து, அதுதான் மாமாவின் மடி என்றார். ஐயரிடம் கேட்டபோது அப்படி ஒரு விதி இல்லை என்றார். தடை இருப்பதாகவும் சொல்லவில்லை.

மாமாவுக்கு ஒருபோதும் வர முடியாமல்தான் இருந்தது என்பது பல வருடங்களுக்குப் பிறகே எனக்குத் தெரியவந்தது. அந்தப் புரட்டாதியில், ஆட்டங்கள் தொடங்கிய அதே மாதத்தில், அவருடைய அகதி விண்ணப்பத்தை அங்கே நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடு நடந்துகொண்டிருந்தது. வெளியேறினால் திரும்ப முடியாது. இங்கே வந்து இறங்கவும் அவருக்குப் பயம். வேலை செய்ய அனுமதி இல்லை. கிழமையில் ஆறு நாளும் ஓர் அறைக்குள் இருந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது சனிக்கிழமையில் மட்டும்தான். ஞாயிறுகளில் எங்களோடு பேசி முடிந்ததும் அம்மா போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அணி தோற்ற கிழமைகளில் மாமா அந்தக் கதவுக்குப் பின்னால்தான் அழுதிருக்கிறார். வென்ற கிழமைகளில் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குத் தெரியும், பெரியம்மாவுக்குத் தெரியும். ஊருக்கும் எனக்கும்தான் றக்பி.

வைகாசியில் நகை செய்யும் பத்தர் வந்து குத்தியபோது நான் வீடே அதிரக் கத்தினேன். இரண்டு காதிலும் தோடு ஏறிய பிறகு அம்மா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "வடிவாயிருக்கு மருமோள்" என்றார் மாமா.

ஒரு வருடமாக மனதில் வைத்திருந்ததை அப்போதுதான் நேரே கேட்டேன்.

"மாமா, வாற முறை எல்லாத்திலையும் தோத்துப்போட்டு வாங்கோ."

மாமா சிரித்தார். பிறகு திரையில் அவருடைய முகம் இல்லை. அறையின் கூரை மட்டும் தெரிந்தது. அம்மா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவள் சின்னப்பிள்ளை, அவளின்ரை கதையை விடு தம்பி. நீ ஒண்டிலையும் தோக்காதை. கேட்டதே? ஒண்டிலையும் தோக்காதை."

காது இரண்டும் எரிந்தன. அம்மாவுக்கு என்னைவிட அந்த விளையாட்டுத்தான் பெரிது என்று அன்று நான் முடிவு செய்துகொண்டேன். மூன்று நாள் அம்மாவோடு கதைக்கவில்லை.