கதவுக்குள் இழுத்துப் பூட்டிய வயர்

1. கடிதம்

நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் நாங்கள் செய்து கொடுத்த சூட்டு அலுமாரியின் கதவைத் திறந்த சமையல்காரரைக் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டதாம். உயிர் தப்பிவிட்டார். வலது கை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். எங்கள் பட்டறை மாஸ்டர் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். அந்தக் கதவுக்கு வயர் போட்டவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. கண்டியில் எங்கள் பட்டறை ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் மின்சாரச் சாமான் செய்து கொடுத்தது. சூட்டு அலுமாரி என்பது தகரப் பெட்டி, அடியில் ஹீட்டர். சமைத்த சாப்பாடு ஆறாமல் இருக்கும். சுவிட்சும் ஒரு சின்னச் சிவப்பு லாம்பும் கதவின் முகப்பில் இருக்கும். வாங்குகிறவர்களுக்கு அந்த லாம்ப் பிடிக்கும். எங்களுக்கு அதுதான் தலைவலி. பெட்டியிலிருந்து கதவுக்கு வயர் போக வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் வயரும் மடியும்.

முதலில் கதவைக் கீலோடு ரிவெட் அடித்துப் பூட்டிவிடுவோம். பிறகு தரையில் மல்லாந்து படுத்து, கதவின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே விரலை விட்டு, டெர்மினலைத் தடவித் தடவி வயரை முடுக்குவோம். கண்ணால் பார்க்க வழியில்லை. கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் கதவுக்குத் தனியாகக் கிடையாது. கீல் வழியாக வந்துவிடும் என்று விட்டிருந்தோம். கீலுக்கும் சேர்த்து எனாமல் பெயிண்ட் அடிக்கிறோமே, அது கரண்டைத் தடுக்குமே என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

2. ஈரக் கை

எங்கள் மாஸ்டர் சிற்றம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது.

"சமையல்காரர் ஈரக் கையோட தொட்டிருப்பார். அப்பிடியே எழுதி அனுப்புவம்," என்றார்.

பேனாவை எடுத்தும்விட்டார். நான் பேசாமல் இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"மாஸ்டர், அந்த வயர் நீளம் பத்தாமக் கட்டையாப் போச்சு. இழுத்துத்தான் பூட்டினேன்."

பேனா நின்றது. "அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா ரிவெட்ட வெட்டணும், கதவக் கழட்டணும், பெயிண்ட் திரும்ப அடிக்கணும். ரெண்டு நாள் வேலை போயிரும். நீங்க ஏசுவீங்கன்னு பயந்துட்டேன்."

"ஓம், ஏசியிருப்பன்," என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரிவெட்டை வெட்டி அந்தக் கதவை ரயிலில் அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தார்.

கதவு வந்ததும் உளியால் பிளந்தோம். கீலோரத்தில் ரப்பர் தேய்ந்து, செம்பு தகட்டைத் தொட்டபடி பளபளத்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இனி இந்தக் கதவை நீர்தான் புதுசாச் செய்யப்போறீர்," என்றார்.

3. புதுக் கதவு

நான் கேட்டது ஒன்றே ஒன்று: கதவைப் பெட்டியில் மாட்டுவதற்கு முன்னாலேயே வயர் வேலை முடிந்துவிட வேண்டும். பெஞ்சில் கதவைப் படுக்கப் போட்டு, சுவிட்ச், லாம்ப், எர்த் எல்லாவற்றையும் கண் முன்னால் பூட்டினேன். உள்தகட்டை நாலு ஸ்குரூவில் நிறுத்தினேன். ரிவெட்டுக்குப் பதிலாக, ஊசியை உருவினால் கதவு கையோடு வரும் கீல் போட்டேன். வயர்களின் முனை பெட்டிக்குள் ஒரு பீங்கான் டெர்மினலில் வந்து நிற்கும்.

முதல் கதவு சரிவரவில்லை. தாராளமாக விட்ட வயர் கதவிடுக்கில் மாட்டி நசுங்கியது. அடுத்ததில் வயரைக் கீலின் நீளத்துக்கு நேராக இறக்கினேன். இப்போது கதவு திறந்தால் வயர் மடியாது, லேசாக முறுக்கும், அவ்வளவுதான். மாஸ்டர் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு உள்ளே ஒரு வயரை வெட்டிவிட்டு, "திருத்தும்," என்றார். அவர் ஒரு கோப்பை பிளேன்ரீ, பால் விடாத தேத்தண்ணி, குடித்து முடிப்பதற்குள் திருத்திவிட்டேன்.

4. பங்களாவில்

புதுக் கதவை மாட்ட நானே போனேன். சமையல்காரர் முனியாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். இரண்டு விரல் மடங்கவில்லை. குசினி வாசலிலேயே நின்றார், அலுமாரிக்குக் கிட்டே வரவில்லை.

"அண்ணே, பழைய கதவுக்கு வயர் போட்டது நான்தான். பிழைன்னு அப்பவே தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

அடிப்பார் என்று நினைத்தேன்.

"தொரைகிட்ட நான் ஈரக் கையோட தொட்டேன்னுதான் எல்லாரும் சொன்னாங்க, தம்பி. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்," என்றார். "நீங்க தொரைகிட்டயும் சொல்லுங்க."

சொன்னேன். துரை ஏசினார், நான் நின்று கேட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது முனியாண்டி அலுமாரி முன்னால் குந்தியிருந்தார். "உள்ள என்னதான் இருக்கு, காட்டுங்க." மெயினை நிறுத்தி, நாலு ஸ்குரூவையும் கழற்றி, ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது என்று காட்டினேன். திரும்ப முடுக்கும்போது ஸ்குரூ டிரைவரை இடது கையால் வாங்கி, கடைசி ஸ்குரூவை அவரே முடுக்கினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ சாமான் செய்திருக்கிறேன். வரைபடத்தை எடுத்தால் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பூட்டுகிறவன் பிழை விட்டால், அதைச் சுலபமாகத் திறந்து திருத்த முடியுமா? முடியாவிட்டால் அவன் மறைப்பான். நல்லவனும் மறைப்பான். நான் மறைத்தேன்.