ஷேக் மைதீனின் மரமீன்கள்

சவுதியில், தம்மாமில், கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் லீவில் மேலப்பாளையம் வந்தால் என்ன செய்வான்? நன்றாகத் தூங்குவான், அத்தர் பூசிக்கொண்டு ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் போவான், லீவு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு வேன் ஏறுவான். ஷேக் மைதீனும் பதினோரு வருசமாக அப்படித்தான் இருந்தான். தொண்ணூற்று நான்காம் வருச லீவில்தான் அவனுக்கு அந்த ஆசை பிடித்தது. பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இனிமேல் போகக்கூடாது, பெண்டாட்டி ஜமீலா பீவியோடும் மகள் ஷம்ஸியாவோடும் வீட்டிலேயே இருந்துவிடவேண்டும். ஊரில் மற்றவனெல்லாம் அருமை தெரியாமல் அனுபவிக்கிற சங்கதிதான்.

அதற்கு அவன் நம்பியது மரத்தில் செய்த மீனை. சிரிக்க வேண்டாம். தம்மாமில் கூடத் தங்கியிருந்த பிலிப்பினோக்காரன் ஒருவன், வெள்ளிக்கிழமை தவறாமல் கடற்கரைக்குப் போய், மரமீனைத் தூண்டிலில் கட்டி நிஜ மீனை ஏமாற்றிப் பிடிப்பான். அதைப் பார்த்துப் பழகி வந்த ஷேக் மைதீன், ஆவணி வெயிலில் ஒரு கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கினான். தண்ணீரில் நெளிந்து நீந்துவதற்குத் தகரத்தில் உதடு வைத்தான். வயிற்றில் வளையத் திருகாணி போட்டு அதில் தூண்டில் முள்ளை மாட்டினான். தலை சிவப்பு, உடம்பு வெள்ளை. தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே கிளியர் என்கிற வார்னிஷ் பூச்சு.

புன்னக்காயலில் வள்ளம் வைத்திருந்த பாக்கியசீலன் அவனுக்குப் பழக்கம். அவர் அந்த மீனை வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், நல்ல பருமனான ஒரு சீலா மீனோடு திரும்பி வந்தார். ஒரு பெட்டி நிறையச் செய்து கொடும், தீபாவளி கழிந்து கடல் அடங்கியதும் எங்கள் துறையில் அத்தனை வள்ளத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஷேக் மைதீனுக்குத் தலைகால் புரியவில்லை. கார்த்திகை முடிவதற்குள் தம்மாமுக்குத் திரும்பாவிட்டால் விசா செத்துப்போகும். போனால் போகட்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதற்குள் ஐப்பசி வந்துவிட்டது. மழை என்றால் மழை, விட்டபாடில்லை. ஆற்றில் செங்காமட்டையாகக் கலங்கித் தண்ணீர் போனது. சுவரெல்லாம் ஓதம். செதுக்கிய கட்டைகள் சாக்கில் கட்டி மூலையில் கிடந்தன. அவன் எடுத்தான், துடைத்தான், பெயிண்ட் அடித்தான். தம்மாமில் ஒரு கோட் அடித்துவிட்டுச் பால் விடாத சுலைமானி டீ குடித்து டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அது காய்ந்திருக்கும். தொழிலை அங்கேதான் படித்தான், கை அந்தக் கணக்கிலேயே ஓடியது. தொட்டுப் பார்த்தான், விரலில் ஒட்டவில்லை, அடுத்த கோட்டைப் போட்டான்.

ஜமீலா பீவி நின்று பார்த்தாள். இந்த மழைக்குத் தீப்பெட்டியே நமுத்துக் கிடக்கிறதே, கட்டைக்குள்ளே ஈரம் இருக்காதா என்று கேட்டாள். பதினோரு வருசமாக இதில்தான் சோறு தின்கிறேன், எனக்குத் தெரியாதா என்று அவன் சிரித்தான். உள்ளே இருந்த ஈரத்தை உள்ளேயே வைத்து மூன்று கோட் கிளியரால் முத்திரை போட்டான், மடையன்.

ஆனால் பார்வைக்கு என்ன குறை? கொடியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, முழித்த கண்ணும் மினுங்கும் வயிறுமாக அவை ஆடியபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசலில் கூடிவிட்டார்கள். ஷேக் மைதீன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை.

கார்த்திகை நடுவில் பாக்கியசீலன் வந்தார். கையில், தீபாவளி கழிந்து ஷேக் மைதீன் மீன்களை நிரப்பிக் கொடுத்தனுப்பிய அதே பெட்டி. உட்காரச் சொன்னதற்கு உட்காராமல், ஒரு மீனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். பெயிண்ட் தோல் உரிந்த மாதிரி சுருண்டிருந்தது. நகத்தால் அழுத்தினால் கட்டைக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்தது.

"சீலா வரத்தான் செய்யுது பாய்," என்றார் அவர். "ஒம்ம மீன நெசம்னு நம்பித்தான் வந்து கடிக்கி. இழுத்தா, ஊறுன கட்டையில திருகாணி நிக்க மாட்டேங்கு. முள்ளோட போயிருது."

எவ்வளவு பெரிய மீன்கள் போயின என்று அவர் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. தை மாதம் வெயிலில் நன்றாகக் காயவைத்துச் செய்யும், நான் ஒருத்தனாவது வாங்கிக்கொள்கிறேன், மற்றவர்கள் இனிமேல் கையால் தொடமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

மீன் வந்திருக்கிறது. நிறமும் சரி, உருவமும் சரி, நீந்துகிற நீச்சலும் சரி. கொஞ்சம் வெயில், கொஞ்சம் பொறுமை, இவ்வளவுதான் குறைந்திருக்கிறது. எதுவுமே கடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவன் மனது இந்த அளவுக்கு விட்டுப்போயிருக்காது. பெட்டியை அணைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

சாயங்காலம் அடுப்படிக்குப் போய் ஜமீலா பீவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். விசா முடிய இன்னும் சில நாள்தான் இருந்தது.

"தை வரைக்கும் இருந்து பாக்கட்டா?" என்று கேட்டான்.

அவள் கரண்டியால் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"போயிருங்க," என்றாள். "நானும் பிள்ளையும் இங்கன இருந்துக்கிடுவோம். எங்களுக்குப் பழகிப்போச்சு."

ஒருதரம், வாய் வார்த்தைக்காவது, இருங்க என்று சொல்வாள் என்று அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க, சோறு வடிக்கணும் என்றாள் அவள்.