ஜாமீன் கிடைத்த பிறகு

எங்கள் தாத்தா செத்துப்போன பிறகும் ஒழுங்காக வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவைப் பெற்றவர். பணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டுவது என்னவோ மாமாதான். ரசீது மட்டும் தாத்தா பேரில் வரும். பேரை மாற்றினால் அவரை வீட்டைவிட்டுத் துரத்திய மாதிரி ஆகிவிடும் என்று மாமா வீட்டில் எல்லோருக்கும் ஓர் எண்ணம். அதில் தப்பு இருப்பதாக, நைனாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகும்வரை யாருக்கும் தோன்றவில்லை.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அவர் செஞ்சியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் கிணற்றில் இறங்கி மோட்டார் மாட்டிக் கொடுக்கிறவர். ஒரு நிலத்தில் செம்புக் கம்பி களவு போனது. அதற்கு முந்தின வாரம் அந்தக் கிணற்றில் இறங்கியிருந்தார் என்பதைத் தவிர அவர்மேல் வேறு சாட்சி இல்லை. "நான் எடுக்கலீங்க" என்று ஸ்டேஷனில் சொன்னார், கோர்ட்டில் சொன்னார், விழுப்புரத்துச் சிறையில் பார்க்கப் போன எங்களிடமும் சொன்னார். எடுத்தாரா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வக்கீல் போன் செய்தார். அம்மா உடனே கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து அப்பளம்கூட வந்தது. ராத்திரி கடைசி பஸ்ஸும் போனது, நைனா வரவில்லை.

மறுநாள் வக்கீல் விளக்கினார். கோர்ட் ஜாமீன் கொடுத்தால் மட்டும் போதாதாம். பொறுப்பேற்க இரண்டு பேர் வர வேண்டும், அதில் ஒருவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும், இரண்டு பேரிடமும் அவரவர் பேரில் வீட்டு வரி ரசீது இருக்க வேண்டும். நாங்கள் இருந்தது ஏரிப் புறம்போக்கு. அந்தத் தெருவில் ரேஷன் கார்டு உண்டு, கரண்ட் உண்டு, ரசீது மட்டும் ஒரு வீட்டுக்கும் கிடையாது.

மாமா தன் வீட்டு ரசீதை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வக்கீல் பேரைப் படித்தார்.

"இவர கூட்டினு வாங்க."

"அவரு தவறிட்டாருங்க. எங்க நைனாதான். வரி பாக்கியே இல்லீங்க."

வக்கீல் ரசீதை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். எங்கள் சொந்தத்திலேயே ஜாமீனுக்குத் தகுதியான ஒரே ஆள் சுடுகாட்டில் இருந்தார். அன்றைக்கு ஆரம்பித்துப் பேர் மாற்றத்துக்காக மாமா ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். பட்டா கேட்டார்கள், பிறகு வாரிசு சான்றிதழ் கேட்டார்கள், பிறகு அவருடைய அக்கா தங்கச்சி எல்லோரையும் வரச் சொன்னார்கள்.

அம்மா களையெடுக்கப் போகிற நிலத்துக்காரரிடமும் போய்க் கேட்டாள். நல்ல மனுஷர்தான். எனக்கு டீ கொடுக்கச் சொல்லிவிட்டு, "அவன் வாய்தாவுக்கு வரலன்னா போலீஸ் எங்க வூட்டுக்கு வரும்மா. தப்பா நெனைக்காத" என்றார். அம்மா தப்பாக நினைக்கவில்லை. அதற்குக்கூட அவளிடம் தெம்பு இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

கோடை போய் மழையும் வந்தது, ரசீதில் பேர் மாறவில்லை. வாய்தா நாளெல்லாம் கோர்ட் வாசலில் உட்கார்ந்து, எதிரே கோட்டைக்குப் போகிற ஆட்டோக்களை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள் வக்கீல் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கேஸ் எப்ப முடியும்னு தெரியாது. ஒத்துக்கிட்டாருன்னா இதுவரைக்கும் உள்ள இருந்தத தண்டனையில கழிச்சிட்டு இன்னிக்கே வுட்டுருவாங்க."

அம்மா நைனாவிடம் போய்ச் சொன்னாள். பக்கத்தில் போலீஸ்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நைனா ரொம்ப இளைத்திருந்தார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, வூட்டுக்குப் போலாமா?"

"போலாம் நைனா" என்றேன். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசை.

உள்ளே நீதிபதி ஏதோ கேட்டார். நைனா கையைக் கட்டிக்கொண்டு "ஆமாங்கய்யா" என்றார். கதவுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது. அதே ஆள் இத்தனை மாதம் இல்லை இல்லை என்று சொன்னபோது யாரும் அவ்வளவு சீக்கிரம் எழுதிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மூன்று பேரும் பஸ்ஸில் வந்தோம். நான் அவர் மடியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு நைனாவை எந்தக் கிணற்றுக்கும் யாரும் கூப்பிடவில்லை. எங்கே கம்பி காணாமல் போனாலும் போலீஸ் முதலில் எங்கள் கதவைத் தட்டியது. அதெல்லாம் பிறகு.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், "இன்னா, இன்னிக்கு மூஞ்சில ஒரே சந்தோஷம்?" என்று கேட்டார். செய்த தப்பை ஒத்துக்கொள்பவர்தான் நல்லவர் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நான் எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "எங்க நைனா ஒத்துக்கிட்டாரு டீச்சர். அதான் வுட்டுட்டாங்க."

டீச்சர் மெதுவாக, "உக்காரு கண்ணு" என்றார். எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்து, நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தேன்.