சன்னலில் இருந்த பால்மாவு டப்பா

எங்கள் வீட்டுச் சன்னலில் ஒரு பால்மாவு டப்பா இருந்தது. அதைத் தெருப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தவன் நான்தான். டப்பாவின் மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். காரிமங்கலம் சந்தைக்குப் போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். வாத்தியார் வீட்டுக் குழந்தை சீமைப் பால் குடிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது, என் மேலேயே.

எங்கள் மகளுக்கு நாலாம் மாதம் நடக்கும்போது என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. அந்தக் கோடையில் பசும்பாலும் சரியாகக் கிடைக்கவில்லை. தர்மபுரியில் ஒரு கடையில் டப்பா மாவு வாங்கி வந்தேன். குழந்தை குடித்தது, தேறியது. அன்றிலிருந்து நான் அந்த டப்பாவுக்குப் பக்தன்.

யுத்தம் ரங்கூனையும் தாண்டி வந்ததும் மாவு வரத்து குறைந்தது. அப்போது மனைவி ஒரு தடவை மெதுவாகச் சொன்னாள். "எங்க வூட்ல எல்லாப் புள்ளைங்களுக்கும் ராகிப் பாலுதாங்க குடுப்பாங்க. மொளை கட்டி அரைச்சா நல்லா செரிக்கும்." ஏரியூர்ப் பக்கத்தில் மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைத்த குடும்பம் அவளுடையது.

"களி தின்னு வளந்ததெல்லாம் நம்மளோட போகட்டும்" என்று வாயை அடைத்தேன். நானும் களி தின்று வளர்ந்தவன்தான். சேலத்தில் பயிற்சி முடித்துக் கோட்டு மாட்டியதும் அது மறைக்க வேண்டிய சங்கதியாகிவிட்டது. அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாவு இருக்கிறதா என்று எப்போதாவது கேட்பேன். "இருக்குதுங்க" என்பாள்.

நாலு மாதம் ஓடியது. டப்பா தீரவேயில்லை. ஒரு டப்பா மாவு அத்தனை நாள் எப்படி வரும் என்று, நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்! மகளுக்குத் தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை விழுந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் நான் டப்பாவின் பெருமையைப் பேசினேன். உள்ளே மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அந்தச் சமயத்தில் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்து காபி கொடுத்தேன். பாயில் உட்கார்ந்திருந்த எங்கள் மகள் அவருடைய கைத்தடியைப் பிடித்து இழுத்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர் தன் குழந்தையைப் பற்றிச் சொன்னார். எட்டு மாதப் பையனாம். எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, டப்பா மாவு சேலத்திலேயே கிடைக்கவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"அதுக்கென்னங்க, எங்க டப்பாவுல இருக்குது. பாதிய எடுத்துக்கிட்டுப் போங்க" என்று எழுந்தேன். இரக்கம் பாதி, மேலதிகாரி மனதில் இடம் பிடிக்கிற ஆசை பாதி.

அடுக்களை வாசலில் மனைவி வந்து நின்றாள். "ஏங்க, ஒரு நிமிசம் உள்ள வாங்க."

நான் போகவில்லை. அவர் முன்னாலேயே மூடியைத் திறந்தேன். உள்ளே செம்பழுப்பு நிறத்தில் மாவு இருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ராகியா? இதையா கொடுக்கிறீங்க?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். என் காதில் அது கிண்டலாக விழுந்தது. முகமெல்லாம் எரிந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் கவிழ்த்தேன். பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடி வந்தன.

"ஒரு வாரத்து வேலைங்க அது" என்றாள் மனைவி. இன்ஸ்பெக்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இனி ராகி என் குழந்தை வாயில் படக்கூடாது என்று அன்றைக்கே உத்தரவு போட்டேன். சேலத்தில் யார் யாரையோ பிடித்து, விளிம்பில் துருவேறிய ஒரே ஒரு டப்பா வாங்கி வந்தேன். அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று கரண்டி அளவையும் நானே குறைத்துச் சொன்னேன்.

"தண்ணியாட்டம் இருக்குதுங்க."

"அதுவே போதும்."

அவள் நான் சொன்ன அளவுதான் போட்டாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தொடைச் சதை சில வாரங்களில் வற்றி, தோல் தொங்கியது. அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பெண்டாட்டியிடம் தோற்பதா என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். நான் எத்தனையோ பிழை செய்திருக்கிறேன். அதைப்போல வெட்கப்பட வைத்தது வேறில்லை.

அப்போதுதான் இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த மாவின் பக்குவத்தைக் கேட்காமல் எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று வீட்டில் அவரைத் துளைத்தெடுக்கிறார்களாம். தன் பையனும் எங்கள் மகளைப்போலத் தேற வேண்டும், மனைவியிடம் கேட்டு விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். நான் காகிதத்தோடு உட்கார்ந்தேன். மடியில் கிடந்த குழந்தையைத் தட்டிக்கொண்டே அவள் சொன்னாள்.

"ராகிய மண்ணு போகக் கழுவி ஒரு ராத்திரி ஊற வைக்கணுங்க. தண்ணிய வடிச்சுட்டு ஈரத்துணியில கட்டி வைச்சா மொளை வரும். நெழல்ல காயப்போட்டு, மொளையத் தேச்சு எடுத்துட்டு, வாசம் வர வறுக்கணும். கூடவே ஒரு கை பச்சைப்பயிறு வறுத்துப் போட்டு ராகிக்கல்லுல அரைச்சு, மெல்லிசு வேட்டித்துணியில சலிக்கணுங்க. தண்ணியில கரைச்சு, கை விடாம கிண்டிக் காய்ச்சி, துளி வெல்லம் போட்டாப் போதும்."

சொன்னதை அப்படியே எழுதினேன். அதுவரை ராகிக்கல் சுற்றிய சத்தம் ஒரு நாளாவது என் காதில் விழுந்ததா? நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் பார்த்து அத்தனையும் செய்திருக்கிறாள்.

கடிதத்தை மடித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், "நம்ம பாப்பாவுக்கும் செஞ்சிரு" என்றேன்.

"செய்யறேங்க. நீங்க அந்தக் காயிதத்தப் பாத்துப் படிங்க. அது மாதிரியே செய்யறேன்."

குத்திக்காட்டுகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பிழைக்க வழி கிடைத்திருக்கும். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவள் ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்து நின்றாள்.

மகள் பிழைத்துக்கொண்டாள். தொடையில் பழைய மடிப்பு விழப் பங்குனி ஆயிற்று. அந்த மாதமே இன்ஸ்பெக்டர் மறுபடி எழுதினார். பையன் நன்றாகத் தேறிவிட்டானாம். "என் மகனைக் காப்பாற்றிக் கொடுத்தது உங்கள் மனைவிதான். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்" என்று முடித்திருந்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. "அவங்க கொழந்தை தேறிடுச்சாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடிதத்தைப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

"நல்லதுங்க" என்றாள்.

மூன்று வருஷம் கழித்து எங்களுக்கு மகன் பிறந்தான். யுத்தம் முடிந்து கடைகளில் டப்பாக்கள் மறுபடி அடுக்கப்பட்டிருந்தன. அவனுக்குப் பால் போதாமல் போனபோது அவள் என்னிடம் வந்து, "என்னங்க குடுக்கட்டும்?" என்று கேட்டாள்.

"உனக்குத் தெரியாததா?" என்றேன்.

"எனக்கென்னங்க தெரியும், நீங்களே சொல்லுங்க" என்றாள்.

பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்போதும் அந்தக் கடிதத்தை எடுத்து நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.