ஆனிமேரி சொன்ன பூ உதாரணம்

ஆனிமேரிக்கு அழத் தெரியாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. தெரியும், வேலை நேரத்தில் அழுவதில்லை, அவ்வளவுதான். மதுரையில் ஒரு தனியார் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் மருந்து ஆராய்ச்சிப் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறாள். புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது, யாருக்கு என்ன கொடுத்தோம், அவருக்கு என்ன ஆனது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்கிற வேலை. அந்த ஃபைல்களில் நோயாளிக்குப் பெயர் கிடையாது, எண்தான். காளவாசலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கிக் கைப்பையை மேஜைக்கடியில் வைத்துவிட்டால், சாயங்காலம் வரை அவளுக்கும் எல்லோரும் எண்கள்தான். அப்படி இருந்தால்தான் இந்த வேலையில் காலம் தள்ள முடியும் என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவள் சொன்ன ஒரு உதாரணம்தான், இருபத்திரண்டாம் எண்ணின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

அவளுடைய அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர். ஆனிமேரி விலங்கியல் படித்துவிட்டு அதே பள்ளியில் மூன்று வருடம் டீச்சராக இருந்தாள். விளக்கிச் சொல்லும் சாமர்த்தியம் அங்கே வந்தது. 'எல்லாருக்கும் புரிஞ்சுதா' என்று கேட்டதும் மொத்த வகுப்பும் தலையாட்டினால் அதை நம்பக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அந்த இரண்டாவது பாடத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டாள்.

ஆராய்ச்சியில் சேரும் முன் நோயாளிக்குப் பதினாறு பக்க ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டவேண்டும். நாலு பக்கம் வரை வண்டி ஓடும். ஐந்தாம் பக்கத்தில் நிற்கும். 'தாங்கள் எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவீர்கள் என்பதைக் கணினி தற்செயல் முறையில் தீர்மானிக்கும்' என்று அங்கே இருக்கிறது. பழைய ஊசி மருந்து மட்டுமா, புது மாத்திரையும் சேர்த்தா என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்க மாட்டார், நோயாளியும் தேர்ந்தெடுக்க முடியாது. "ஏன், எது நல்லதுன்னு டாக்டருக்குத் தெரியாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். தெரியாததால்தான் ஆராய்ச்சியே நடக்கிறது. ஆனால் டாக்டருக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி, இருக்கிற ஒரு ஆட்டையும் விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனிமேரி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தது சிம்மக்கல்லில் பூ விற்கிற ஒரு பெண். மார்பகப் புற்றுக்கு வந்தவள். ஆனிமேரி மூச்சு வாங்க விளக்கி முடித்ததும் அவள், "பூக்கட்டிப் பாக்கறதுதானே, இதுக்கா இம்புட்டு நேரம்?" என்று கேட்டாள்.

ஆனிமேரி வேதக்கார வீட்டுப் பெண், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் மதுரைக்காரிக்குப் பூக்கட்டிப் பார்ப்பது தெரியாமல் போகுமா? சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஏதாவது ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. அடடா, இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும் என்று ஆனிமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து ஐந்தாம் பக்கம் வந்தால் பூதான். "பூக்கட்டிப் பாக்கற மாதிரிண்ணே. எந்தப் பூ வருதோ அதான். நானும் மாத்த முடியாது, டாக்டரும் மாத்த முடியாது" என்பாள். முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளில் பாதிப் பேர் எழுந்து போகையில், இங்கே சேராமல் போகிறவர் அபூர்வம் என்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் பாராட்டி மெயில் அனுப்பினார்கள்.

ஃபைலில் இருபத்திரண்டாம் எண்ணான சோணைமுத்து அந்தச் சமயத்தில்தான் வந்தார். திருமங்கலம் பக்கம் ஒரு ஊர், சொந்தமாக ஒன்றரை ஏக்கர், வயது ஐம்பத்தெட்டு. உணவுக்குழாயில் புற்று. கூட மனைவி பாண்டியம்மாளும், பி.காம். படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மகள் கனகாவும். பூ உதாரணத்தைக் கேட்டதும் சோணைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கணினி முடிவு சொல்லி, பிரிண்டரிலிருந்து தாள் வெளியே வந்தபோது எழுந்து நின்று கும்பிட்டார். புது மாத்திரைப் பிரிவு. அந்தத் தாளில் ஒரு நகல் வேண்டும், ஊரில் கருப்பசாமி காலடியில் வைக்கவேண்டும் என்று கேட்டார். தரக் கூடாது என்று ஆனிமேரி சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் அவளுக்கு இப்போதும் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றும்.

வீட்டுக்கு ஒரு நோட்டுக் கொடுத்துவிடுவார்கள். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை போட்டதற்கு ஒரு டிக். எதிர்ப்பக்கத்தில், உடம்புக்கு என்ன செய்தது என்று அவரவர் வார்த்தையில் எழுதவேண்டும். கனகாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. டிக் எல்லாம் சரியாக இருந்தன. எதிர்ப்பக்கத்தில் தினமும் 'ஒன்றுமில்லை.' கம்பெனியிலிருந்து ஃபைல் பார்க்க வரும் சூர்யபிரகாஷ் என்ற பையன், "இந்த நோட்டை மத்தவங்களுக்கு சாம்பிளா காட்டலாம் மேடம்" என்றான். டாக்டர் பாண்டியராஜன் உள்ளங்கைகளைப் பார்ப்பார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைகளில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லா இருக்கேன் சார்" என்பார் சோணைமுத்து. அடுத்த ஆள்.

மூன்றாவது முறை வந்தது சித்திரை வெயிலில். எப்போதும் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வருகிறவர், அன்று வேட்டிக்குக் கீழே துணி ஷூ போட்டிருந்தார். ஆனிமேரிக்கு எண்கள்தான் நினைவிருக்கும், முகம் நினைவிருக்காது என்பார்கள். ஆனால் அந்த வெறுங்கால்கள் எப்படியோ நினைவிருந்தன.

"என்னண்ணே, ஷூவெல்லாம் பலமா இருக்கு? கழட்டுங்க பாப்போம்."

"அது சும்மா போட்டது தாயி. புள்ள வாங்கிக் குடுத்துச்சு."

பாண்டியம்மாள் அதற்குமேல் அடக்க முடியாமல் வெடித்தாள். "காட்டித் தொலைங்களேன்! ஒரு மாசமாத் தரையில கால் வைக்க முடியல. போர்வை பட்டாக்கூடத் துடிக்கிறாரு. நேத்துல இருந்து மேலு வேற அனலாக் காயுது."

"நீ சும்மா இருடி" என்றார் சோணைமுத்து.

ஆனிமேரி மறுபடி அந்த ஷூவைப் பார்த்தாள். அந்த மாத்திரைக்கு உள்ளங்கையோ உள்ளங்காலோ கொப்பளிக்கும் என்று பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. வாசித்ததும் அவள்தான். சொல்லியிருந்தால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, அளவைக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். ஊசி மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து கிடக்கிற உடம்பில் கால் சீழ் பிடித்துக் காய்ச்சலும் வந்தால் ஆளே போய்விடலாம்.

"ஏண்ணே சொல்லல? எத்தன தடவ கேட்டேன்?"

"சொன்னா நிப்பாட்டுவீங்க. சாமி எடுத்துக் குடுத்த பூவ எப்படித் தாயி திருப்பிக் குடுக்கறது? நீங்கதானே சொன்னீங்க, யாரும் மாத்த முடியாதுன்னு. இப்ப டாக்டர் நிப்பாட்டுன்னாலும் வீட்ல இருக்கிறத நான் முழுங்கத்தான் செய்வேன்."

அவர் அதைப் பிடிவாதமாகக்கூடச் சொல்லவில்லை. நாளை திங்கள்கிழமை என்று சொல்வதுபோலச் சொன்னார். டாக்டரைக் கூப்பிடுவது எளிது. டாக்டர் திட்டுவார், இவர் தலையாட்டுவார், வீட்டுக்குப் போய் மாத்திரையைப் போடுவார். தான் கட்டிய முடிச்சைத் தானேதான் அவிழ்க்கவேண்டும் என்று ஆனிமேரிக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, அது சாமி எடுத்த பூ இல்ல. எங்கேயோ இருக்கிற ஒரு மெஷின், காசு சுண்டிப் போடற மாதிரி எடுத்தது. அதுக்கு உங்களையும் தெரியாது, கருப்பசாமியையும் தெரியாது. சீக்கிரம் புரியட்டும்னு நான் பூவச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்மேலதான்."

சோணைமுத்து அவளையே பார்த்தார். கண் சிவந்திருந்தது, காய்ச்சலாலும் இருக்கலாம்.

"அப்ப ஒரு மாசமா நான் தாங்குனது அம்புட்டும் சும்மாவா?"

பதினாறு பக்கத்தில் எங்கேயும் எழுதாத கேள்வி அது. "ஆமாண்ணே" என்றாள் ஆனிமேரி.

பிறகு அவர் குனிந்து தானே ஷூவைக் கழற்றினார். துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வலிக்குது" என்றார் சோணைமுத்து, ஆனிமேரியைப் பார்த்து அல்ல, தன் காலைப் பார்த்து.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் படுக்கை. மாத்திரை நின்றது. "உதாரணம்தானே, விடுங்க" என்று டாக்டர் பாண்டியராஜன் சொல்லியும் கேளாமல், ஆனிமேரி தான் செய்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கிற நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பினாள். ஏற்கெனவே சேர்ந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஐந்தாம் பக்கத்தை மறுபடி வாசித்தாள். பூ இல்லாமல். "காசு சுண்டியா என் உசுரப் பாக்கறீங்க?" என்று சண்டை போட்டுவிட்டு இரண்டு பேர் விலகினார்கள். போகட்டும் என்று படிவத்தில் குறித்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் ஆகிறது. பாராட்டு மெயில் நின்றுவிட்டது.

சோணைமுத்து விலகவில்லை. கால் ஆறியபின், தொடர்வதா வேண்டாமா என்று டாக்டர் கேட்டதற்கு இரண்டு நாள் யோசித்து, "கொறச்சுக் குடுங்க, பாப்போம்" என்றார். ஆனால் ஆனிமேரியோடு பேசவில்லை. அவள் கேட்பதற்கு டாக்டரைப் பார்த்துப் பதில் சொல்வார். அண்ணே என்று அவள் கூப்பிட்டால் கனகாதான் திரும்புவாள். ஆனிமேரிக்கு அது வலித்தது. வேலை நேரத்தில் வலித்தது என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

நோட்டு மட்டும் ஆளே மாறிப்போனது. எதிர்ப்பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தது. 'கால் எரிச்சல். நாக்கில் ருசி இல்லை. கருவாட்டு வாசனை பிடிக்கவில்லை. மைத்துனன் வந்தான், அவன் பேச்சும் பிடிக்கவில்லை.' அவர் சொல்லச் சொல்லக் கனகா ஒரு வார்த்தையையும் விடாமல் எழுதியிருந்தாள். ஆனிமேரி ஒவ்வொரு புகாரையும் ரசித்து வாசித்தாள்.

ஆடி மாதம் வந்த நோட்டை சூர்யபிரகாஷ் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினான். "மேடம், இதை கம்ப்யூட்டர்ல எந்தத் தலைப்புல ஏத்தறது?"

ஆனிமேரி எட்டிப் பார்த்தாள். 'கால் எரிச்சல் பாதி குறைந்தது. கஞ்சி இறங்குகிறது. ஆனிமேரியம்மா மேல் இருந்த கோபம் தீர்ந்தது.'

"ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாதது, அடிச்சுடலாமா?" என்றான் பையன்.

"நோயாளி எழுதினதை யாரும் அடிக்கக் கூடாது" என்றாள் ஆனிமேரி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணி பதினொன்றரை, வேலை நேரம்தான். பார்த்ததற்கு அடையாளமாக அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டாள்.