முட்டைப்பெட்டிக்கு ஒரு பேட்டரி

செல்லத்துரை வீட்டுக்கு வழி கேட்டால் ஊரில் யாரும் அவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். "முட்டைக்காரர் வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவர் முட்டை விற்கிறவர் இல்லை. அடுத்தவர்களுடைய முட்டையை வாங்கி வைத்து, இருபத்தோரு நாளில் குஞ்சாகத் திருப்பிக் கொடுக்கிறவர்.

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகிற பக்கம், உளுந்தும் கம்பும் மழையை நம்பி விதைக்கிற கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. கோழி இல்லாத வீடு கிடையாது. கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அதன்பிறகு முட்டை இடாது. அதனால் பெண்கள் முட்டைகளைச் சேர்த்து, வாளியில் தவிடு போட்டு, அதற்குள் பதனமாக வைத்து அவரிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். அவர் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் பெயரை எழுதிப் பெட்டிக்குள் அடுக்குவார். கூலி பத்துக் குஞ்சுக்கு ஒரு குஞ்சு. அதையும் பாதிப் பேரிடம் வாங்க மறந்துவிடுவார்.

பெட்டி அவரே செய்தது. முன்பு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் மிஷின் மெக்கானிக்காக இருந்தார். அந்த வேலை போனபிறகு, பழைய இரும்புக் கடையிலிருந்து ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐஸ் தண்ணீர் குடிக்கலாம் என்று அவருடைய மனைவி சுடலைச்செல்வி சந்தோஷப்பட்டாள். அவர் அதன் குடலையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, உள்ளே பல்பும் சின்ன ஃபேனும் சூட்டைக் கணக்காக வைத்திருக்கிற ஒரு கருவியும் மாட்டினார். கதவில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்தார். குளிர வைக்க வேண்டிய பெட்டியைச் சூடாக்குகிற மனுசனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அவள் ஒரு வாரம் பேசவில்லை. முதல் ஈட்டுக் குஞ்சு பொரித்த அன்றைக்குக் கண்ணாடியை விட்டு நகராமல் நின்றவளும் அவள்தான்.

பெட்டிக்கு ஒரே எதிரி கரண்ட். ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் எந்த நேரம் போகும், எந்த நேரம் வரும் என்று தெரியாது. அரைமணி நேரம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேலே போனால் சுடலைச்செல்வி அடுப்பில் தண்ணீர் வைப்பாள். செல்லத்துரை வெந்நீரைப் பாட்டில்களில் ஊற்றி முட்டைகளுக்கு நடுவே சொருகிவிட்டுக் கம்பளியால் பெட்டியைப் போர்த்துவார். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

போன வருட ஆடியில் புதூர்ப் பாதையில் ஏழெட்டுப் போஸ்ட் கம்பம் சாய்ந்து, இரண்டு பகலும் ஓர் இரவும் கரண்ட் இல்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தண்ணீர் காய்ச்சியும் பலிக்கவில்லை. நூற்றறுபது முட்டையும் போயிற்று. செல்லத்துரை வீடு வீடாகப் போய்த் தானே சொன்னார். அடுத்த வீட்டு முத்துச்செல்வி ஆடு மேய்க்கிறவள். ஒரு மாதமாகச் சேர்த்த முட்டை மொத்தத்தையும் கொடுத்திருந்தாள். பரவாயில்லை அண்ணாச்சி என்று அவள் சொன்னதுதான் அவரால் தாங்க முடியவில்லை. தன் வீட்டுக் கோழியில் இரண்டைப் பிடித்து அவள் கூட்டில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கூட்டம் போட்டார்கள். கோவில்பட்டியில் சோலார் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டி வந்து பேசினார். மாடியில் சோலார் பேனல் போட்டால் அரசாங்கம் மானியம் தருகிறது, சொந்தக் கூரை வேண்டும், கரண்ட் இணைப்பு விண்ணப்பிக்கிறவர் பெயரில் இருக்க வேண்டும், பேனல் போட்டு மீட்டர் மாற்றியபிறகு பணம் பாங்குக் கணக்குக்கே வந்துவிடும் என்றெல்லாம் விளக்கினார். செல்லத்துரை கூட்டம் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிட்டார். வருகிற வழியில் எதிர்ப்பட்ட பெண்களிடமெல்லாம், இனிமேல் ஒரு முட்டைகூடக் கெடாது என்று சொல்லிக்கொண்டே வந்ததாகச் சுடலைச்செல்விக்கு அப்புறம் தெரிந்தது.

கரண்ட் பில்லை எடுத்துப் பார்த்தால், சோலைச்சாமி என்று இருந்தது. அது செல்லத்துரையின் அப்பா. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர் பெயரில் பில் வந்துகொண்டுதான் இருந்தது. யாருக்கும் மாற்றத் தோன்றவில்லை. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் தேடி எடுத்தாயிற்று. இன்னொரு வாரிசு அக்கா பத்திரகாளி. மணியாச்சியில் இருக்கிறாள். அவள் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

செல்லத்துரை தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணியாச்சிக்குப் போனார். அக்கா மீன்குழம்பு வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தாளை எடுக்காமலே திரும்பி வந்தார். அடுத்த வாரம் மறுபடியும் போனார். அன்றைக்குக் கோழிக்குழம்பு. தாள் மடித்தது மடித்தபடி வந்தது. அக்கா இதுவரை வீட்டில் பங்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது அப்பா பெயர் போட்ட தாளை நீட்டினால், எழுதி வாங்கப் பார்க்கிறான் என்று நினைத்துவிடுவாளோ என்பதுதான் அவருக்கு. சுடலைச்செல்வி அவர் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் தானே பஸ் ஏறினாள்.

மணியாச்சியில் சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். பத்திரகாளி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு தாளை வரிவரியாகப் படித்தாள்.

"இது கரண்ட்டுக்குத்தான?"

"கரண்ட்டுக்கு மட்டும்தான் மைனி. வீட்டைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"வீட்டைப் பத்தின்னாலும் போட்டிருப்பேன்." பேனாவை வாங்கினாள். "ரெண்டு தடவ வந்து தின்னுட்டுப் போனாம்லா. கேக்க வாய் வரலியாக்கும் அவனுக்கு?"

கையெழுத்தைப் போட்டுவிட்டு, அவனைத் திட்டாதே என்றும் சொல்லி அனுப்பினாள். சுடலைச்செல்வி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.

பெயர் மாறி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதன்பிறகு சங்கரபாண்டி மாடியை அளக்க வந்தார். கரிசல் மண்ணில் கட்டிய வீடு. கோடையில் மண் வெடித்துச் சுவரும் வெடிப்பு விட்டிருந்தது. அதையெல்லாம் தட்டிப் பார்த்து, தளம் தாங்கும் என்றார். காபி குடிக்க உள்ளே வந்தபோது பெட்டியைப் பார்த்தார். கரண்ட் போனாலும் இனி இதற்குக் கவலை இல்லை என்று செல்லத்துரை சொன்னார். சங்கரபாண்டி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும். கரண்ட் போச்சுன்னா இந்தப் பேனலும் நின்னுரும். லைன்ல ஏறி வேலை பார்க்கிறவருக்கு நம்ம வீட்டுக் கரண்ட் பாய்ஞ்சிரக் கூடாதுல்லா, அதுக்காக அப்படித்தான் வச்சிருக்கு. போனபிறகும் ஓடணும்னா பேட்டரி வேணும். நீங்க போடுத திட்டத்துல பேட்டரிக்கு மானியம் கிடையாது."

செல்லத்துரை பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் பாதியில் எழுந்து வந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சங்கரபாண்டி இதைச் சொல்லாமலே பேனலை மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னாரே என்று சுடலைச்செல்விக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று செல்லத்துரை மெதுவாகச் சொன்னார். முத்துச்செல்வியிடம் என்ன சொல்வேன் என்றும் சொன்னார்.

சுடலைச்செல்வி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வீடு முழுவதும் வேண்டாம், இந்தப் பெட்டி மட்டும் ஓட எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

சங்கரபாண்டி பெட்டிக்குள் இருந்த பல்புகளை எண்ணிப் பார்த்தார். சின்னது போதும் என்றார். பின்னால் பேட்டரி சேர்க்கிற மாதிரி இன்வெர்ட்டரை இப்போதே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். அவள் தீர்மானித்துவிட்டாள். பேனலுக்குப் பாங்கில் லோன். மானியம் வந்ததும் அதில் பேட்டரி. டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகும்போது, அவர் முகம் தெளிந்ததை அவள் பார்த்தாள்.

பேனல் ஏறியபிறகு மின்வாரிய எஞ்சினியர் பார்வையிட வந்தார். பெட்டியைப் பார்த்தால் தொழில் நடத்துகிற இடம் என்று எழுதிவிடுவாரோ, வீட்டுக்குத் தருகிற மானியம் போய்விடுமோ என்று சுடலைச்செல்விக்குப் பயம். காலையிலேயே பெட்டிமேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி, அதன்மேல் இரண்டு தலையணையையும் வைத்திருந்தாள். எஞ்சினியர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. செல்லத்துரைதான் போய்த் தலையணையை இறக்கிச் சேலையை விலக்கினார்.

"இதையும் பார்த்துருங்க சார். ஊர்க்காரவுக முட்டையைப் பொரிச்சுக் குடுக்கேன். அப்புறம் சொல்லலன்னு ஆகிரக் கூடாது."

எஞ்சினியர் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார். உள்ளே ஒரு முட்டை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டில் விரிசல் விட்டு, ஒரு மூக்கு நுனி வெளியே வந்து மறுபடி உள்ளே போயிற்று. அவர் நிமிரவே இல்லை. கூலி எவ்வளவு என்று கேட்டார். பத்துக்கு ஒரு குஞ்சு என்றார் செல்லத்துரை. எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்டார். அதற்கும் விடை சொன்னார். கடைசியில், இந்த அளவை வீட்டு உபயோகமாகவே வைத்துக்கொள்ளலாம், இன்னும் நாலு பெட்டி வைத்தால் மட்டும் ஆபீசில் வந்து சொல்லுங்கள் என்று சொல்லி, குஞ்சு முழுசாக வெளியே வந்தபிறகே கிளம்பினார். அவர் போனதும் சுடலைச்செல்வி கணவரைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. சேலையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மானியம் வந்ததாக ஒரு மாதம் கழித்துப் போனில் செய்தி வந்தது. அடுத்த வாரமே பேட்டரியும் வந்துவிட்டது.

இந்த வருட ஆடியில் முதல் தடவை கரண்ட் போனது ஒரு மத்தியானம். வீட்டு ஃபேன் நின்றதும் செல்லத்துரை பழக்கத்தில் எழுந்து ஓடி அடுப்பில் தண்ணீரை வைத்தார். கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டியிடம் வந்தார். உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. சின்ன ஃபேனும் சுற்றியது. என்ன செய்வது என்று தெரியாமல் கம்பளியோடு நின்றார். கொதித்த தண்ணீர் வீணாக வேண்டாம் என்று சுடலைச்செல்வி அதில் டீத்தூளைப் போட்டாள். முத்துச்செல்வியையும் கூப்பிட்டு மூன்று பேரும் குடித்தார்கள்.

அந்தப் பெட்டி வந்த நாள் முதல் கணவனும் மனைவியும் சேர்ந்து வெளியூரில் தங்கியது கிடையாது. மகள் வளைகாப்புக்குக்கூட அவள் முந்தின நாளே போக, அவர் காலையில் வந்து மத்தியானமே திரும்பினார். ஆவணியில் பத்திரகாளியின் பேத்திக்குக் காது குத்து. இந்தத் தடவை இரண்டு பேரும் போய் இரண்டு நாள் இருப்பது என்று சுடலைச்செல்வி சொல்லிவிட்டாள். முட்டைக்கு ஈரம் கிடைக்கப் பெட்டிக்குள் வைத்திருக்கிற தண்ணீர்த் தட்டை நிரப்ப முத்துச்செல்வி ஒத்துக்கொண்டாள்.

மணியாச்சியில் முதல் நாள் மட்டும் செல்லத்துரை ஆறு தடவை போன் பண்ணினார். ஆறாவது தடவை முத்துச்செல்வி, "அண்ணாச்சி, முட்டை நல்லாருக்கு. நீங்க சாப்பிட்டியளா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். உள்ளே பத்திரகாளி இலை போட்டுக்கொண்டிருந்தாள். "ஏலே, உக்காரு. இன்னைக்காவது கேக்க வேண்டியத வாய விட்டுக் கேட்டுச் சாப்பிடு" என்றாள். அவர் சுடலைச்செல்வியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, ரசம் வேண்டாம், முதலில் குழம்பு ஊற்று அக்கா என்றார்.