வேகம் தப்பிய கேசட்டும் கரீம் பாயும்

வல்லம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர்தான் சொன்னார். “ரெக்கார்டிங் கரீம் பாய் போயிட்டாரு, தெரியுமா? நெஞ்சுவலியாம்.” எனக்கு முதலில் வந்த நினைப்பு, என் ஒரிஜினல் கேசட் அவர் கடையில் மாட்டிக்கொண்டதே என்பதுதான். அதை மறைத்துவிட்டு இங்கே கண்ணீர் வடிக்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

செஞ்சியில் அவரிடம் பாட்டுப் பதியாதவர் குறைவு. மற்ற கடைக்காரர்கள் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். பாய் போகமாட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரை கேட்பார். “நான் கேக்காதத உங்கிட்ட எப்பிடிக் குடுக்கறது?” என்பார்.

அந்தக் கொள்கையால் என்னிடம் சிக்கினார். புதுச்சேரி ஓட்டலில் வேலை செய்யும் என் மாமா மகன், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் ராக், பங்க் என்ற அதிரடி இங்கிலீஷ் பாட்டுக் கேசட்டுகளை எனக்கு அனுப்புவான். இந்த ஊரில் அவற்றைக் கேட்கும் ஒரே ஆள் நான் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நல்ல நல்ல பாட்டாகப் பொறுக்கிப் பதிந்துகொள்ள அவரிடம் கொண்டுபோவேன். பாட்டுகளின் பெயர் தெரியாததால், காதில் விழுந்ததை அட்டையில் எழுதித் தருவார்.

“ஒண்ணு: தகரக் கொட்டாய் மேல ஆலங்கட்டி மழை. ரெண்டு: பல்லு புடுங்குறாங்க, மரத்துப்போற ஊசி போடல. மூணு: அதே பல்லு.”

சாக்கடையில் கால் வைத்தவர் முகம் அப்போது அவருக்கு இருக்கும். ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “பன்னண்டு நிமிஷமா கிட்டாரப் போட்டு அறுத்துனு இருக்கறான் தம்பி. போதும்டான்னு சொல்ல அவன் வீட்டுல ஆளே இல்லியா?”

பிறகு வந்தது அந்தப் பச்சை அட்டை பங்க் ஆல்பம். ஒரிஜினலை அவரிடமே விட்டுவிட்டு, அவர் பதிந்து கொடுத்ததை வீட்டில் போட்டேன். பாடகன் பொறியில் மாட்டிய எலி போலக் கீச்சிட்டான். உலகத்திலேயே வேகமான குழு இதுதான் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். உண்மையில் இரண்டாவது பாட்டிலேயே எனக்குக் குமட்டியது. மறுபக்கத்தைத் திருப்பிப் போடவே இல்லை.

ஒரு வாரத்தில் பாய் கூப்பிட்டு அனுப்பினார்.

“தம்பி, கல்யாணப் பாட்டு பதிஞ்சவரு வந்து சண்ட. நாயனம் பீப்பி மாதிரி கேக்குதாம். பாத்தா, பதியற டெக்குல பெல்ட் தளந்து கெடக்குது. மெதுவாப் பதிஞ்சது, உங்க வீட்டுல ஓட்டுனா வேகமா ஓடும். உன்னோடதும் அப்பிடித்தான். அத எட்த்துனு வா, சரியாப் பதிஞ்சி தரேன்.”

எத்தனை பேரிடம் பீற்றியிருந்தேன்! “இல்ல பாய், ஒரிஜினலே அந்த வேகம்தான்” என்றேன்.

“ஒரிஜினல முழுசாக் கேட்டவன் நான்பா.” என்னையே பார்த்தார். “உண்மையச் சொல்லு. உனக்குப் புடிச்சிருக்குதா?”

“உயிரு பாய்.”

அவர் சிரிக்கவில்லை. அதன்பின் அந்தக் கடை வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். ஒரிஜினலைக்கூடத் திரும்ப வாங்கவில்லை. இரண்டு வருஷம்.

அவர் இறந்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் நான்கு பேர் தங்கள் கேசட்டைக் கேட்டு நின்றார்கள். சாவு வீட்டில் இப்படியா என்று முகம் சுளித்தேன். ஐந்தாவதாக நின்றேன்.

அவர் மனைவி ஜைனப் அக்கா இரண்டு கேசட்டுகளை நீட்டினார். ஒன்று ஒரிஜினல். மற்றது புதிது, என் பெயர் எழுதியது. “அந்தப் புள்ள ஒருநாள் வருவான், யாருக்கும் குடுக்காதன்னு சொல்லி வெச்சிருந்தாரு. இன்னாதான்பா இருக்குது அதுல? கேட்டுட்டு வந்த அன்னிக்கு சோறே எறங்கல அவருக்கு.”

அட்டையில் பன்னிரண்டு பாட்டுக்கும் எழுதியிருந்தார். பதினொன்று திட்டு. கடைசி மட்டும்: “இதுவும் குப்பைதான். ஆனா இவன் கத்தல, அழுவுறான். சரியான வேகத்துல கேட்டா தெரியும்.”

நேற்று இரண்டு பக்கமும் கேட்டேன், நடுவில் எழுந்திருக்காமல். கடைசிப் பாட்டில் அவன் அழத்தான் செய்கிறான். அந்த அட்டை இனி என்னிடம் இருக்கும். அவர் கேட்ட கேள்வியும் இருக்கிறது; அதற்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

புடிக்கல பாய். முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்.